மூன்றாவது இழை

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றால், காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. தறிக்காரர் ஒருவரிடம் விளையாட்டாகக் கேட்டேன், பாவும் ஊடையும் தவிர வேறு பக்கமாக நூல் போகாதா என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூல் போறது ரெண்டு பக்கம்தான் அண்ணாச்சி. மூணாவதா ஒரு பக்கம் எங்கிட்டு இருக்கு?"

ஒளியைப் பற்றி இதே பதிலைத்தான் இயற்பியல் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒளியின் நெசவிலும் பாவு ஒன்று, ஊடை ஒன்று, அவ்வளவுதான். ஆனால் ஓர் ஒளிக்கற்றையை மிக நெருக்கிக் குவித்தால் அதற்குள்ளிருந்து மூன்றாவது இழை ஒன்று எட்டிப் பார்க்கும். அந்த இழை எங்கே ஒளிந்திருந்தது, யார் கையில் வளர்ந்தது, இப்போது என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் இந்தக் கதை.

முதலில் பாவும் ஊடையும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரின் வடத்தைப் போல நீளமான கயிறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பிடித்து மேலும் கீழுமாக உதறினால் அலை ஓடும். இடமும் வலமுமாக உதறினாலும் ஓடும். இரண்டிலும் கயிறு ஆடுவது அலை போகும் திசைக்குக் குறுக்கேதான். ஒளியில் ஆடுவது மின்புலம். சூரிய ஒளியிலும் குண்டு பல்பின் ஒளியிலும் அது கணத்துக்குக் கணம் திசை மாறி எல்லாப் பக்கமும் தாறுமாறாக ஆடும். அதை ஒரே திசையில் ஆட வைத்தால் அதற்குத் தளவிளைவு என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சந்தித்து, தேர்வு முடிந்ததும் பலரும் மறந்துவிடும் சொல். இடவல ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் கால் அலை தள்ளிச் சேர்த்தால் மின்புலம் வட்டமாகச் சுழன்றபடி முன்னேறும். அதற்கு வட்டத் தளவிளைவு என்று பெயர்.

இந்த ஆட்டம் முதலில் கண்ணில் பட்டது ஐஸ்லாந்திலிருந்து வந்த ஒரு கல்லில். எழுத்தின் மேல் வைத்தால் எழுத்தை இரண்டாகக் காட்டும் அந்தக் கால்சைட் படிகத்தைப் பற்றி டென்மார்க்கின் எராஸ்மஸ் பார்தோலின் 1669இல் எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1808இல் பாரிசில் எத்தியென் மாலுஸ் தன் வீட்டில் நின்றபடி, எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடியில் தெறித்த மாலை வெயிலை அந்தக் கல் வழியாகப் பார்த்தார். கல்லைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றொன்று பிரகாசமாகியது. கண்ணாடியில் பட்டுத் திரும்பியதே அந்த வெயிலுக்கு ஒரு திசையைக் கொடுத்திருந்தது. 1821இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனல் துணிந்து சொல்லிவிட்டார்: ஒளி முழுக்க முழுக்கக் குறுக்கலை, நீளவாக்கில் ஆட்டம் கிடையவே கிடையாது. மூன்றாவது இழைக்கு அன்றைக்குக் கதவடைத்தாகிவிட்டது.

பிரெனல் சொன்னதில் பிழையில்லை. இணையாகப் போகும் அகலமான கற்றைக்கு அது பொருந்தும். குவியும் கற்றைக்கு எப்படி என்பதை விளக்கக் கரும்பலகையைவிட ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வசதியானது.

வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது. அதன் சரிந்த சுவர்கள் மேலே போகப் போக நெருங்கி வருகின்றன. ஒளிக்கதிர்கள் அந்தச் சுவர்கள் வழியாக அடியிலிருந்து ஏறிக் கலசத்தில் கூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கலசம்தான் குவியம். ஒவ்வொரு கதிரின் மின்புலமும் அந்தக் கதிருக்குச் செங்குத்தாக இருந்தாக வேண்டும். அதாவது சுவரில் செங்குத்தாக அடித்த ஆணி மாதிரி. சுவரே சரிந்திருப்பதால் ஆணி தரைக்கு இணையாக நிற்காது. வெளியே நீண்டு கொஞ்சம் மேல்நோக்கியும் பார்க்கும். அந்த மேல்நோக்கிய கொஞ்சம்தான் நம் மூன்றாவது இழை, கற்றை பயணிக்கும் திசையிலேயே ஆடும் மின்புலம். கதிர்கள் எதுவும் விதியை மீறவில்லை. தன்தன் அளவில் எல்லாமே குறுக்கலைதான். பல பக்கமிருந்து சாய்ந்து வந்து ஒரே இடத்தில் கூடியதால், கூட்டத்துக்கு மட்டும் புதிதாக ஒரு திசை கிடைத்துவிட்டது.

நான்கு சுவரிலும் ஆணிகள் வெளிநோக்கி இருந்தால் கலசத்தில் என்ன ஆகும்? கிழக்கே நீளும் பங்கை மேற்கே நீளும் பங்கு அடித்துவிடும். தெற்கும் வடக்கும் அப்படியே. மேல்நோக்கிய பங்குகள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கும். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல மின்புலம் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் விரியும் இத்தகைய கற்றையை ஆரத் தளவிளைவுக் கற்றை என்கிறார்கள். அதைக் குவித்தால் நட்ட நடுவில் இருப்பது நீளவாக்கு ஆட்டம் மட்டுமே. ஆணிகளெல்லாம் ஒரே திசையைப் பார்த்தால், உதாரணமாகக் கிழக்குச் சுவரில் வெளியேயும் மேற்குச் சுவரில் உள்ளேயுமாக அடித்திருந்தால், கிடைவாக்குப் பங்கு சேரும், மேல்நோக்கிய பங்கு நடுவில் ரத்தாகிவிடும். சாதாரண லேசர் கற்றை இந்த வகை. இன்னொரு வகையும் உண்டு. ஆணியைச் சுவரோடு படுக்கவைத்துக் கோபுரத்தைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி வரிசையாக அடித்தால் மேல்நோக்க எதுவுமே மிஞ்சாது. கிடைப் பங்குகளும் ஒன்றையொன்று அடித்துவிடும். நடுவில் மிஞ்சுவது இருட்டு, சுற்றிலும் ஒளி வளையம். உளுந்து வடை வடிவம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் ஒல்லியானது. அதன் ஆணிகள் மேலே பார்ப்பது சொற்பம்தான். மூன்றாவது இழை தடிக்க வேண்டுமென்றால் கோபுரத்தை அமுக்கி ஓட்டு வீட்டுக் கூரை போலத் தட்டையாக்க வேண்டும். நல்ல நுண்ணோக்கி லென்ஸ்கள் செய்வது அதைத்தான். எவ்வளவு சாய்ந்த கதிர்களை லென்ஸ் கையாளும் என்பதைக் குறிக்கும் அளவு எண் துளை; அது 0.9 என்று பொறித்த லென்ஸில் ஓரக் கதிர்கள் அச்சிலிருந்து சுமார் 64 பாகை சாய்ந்து வருகின்றன. 1959இல் இயற்பியலாளர்கள் ரிச்சர்ட்ஸும் வுல்ஃபும் இத்தகைய லென்ஸின் குவியத்தில் மின்புலம் ஒவ்வொரு புள்ளியிலும் எப்படி இருக்கும் என்று முழுக் கணக்கையும் போட்டு வைத்தார்கள். திசை ஒன்றாக உள்ள கற்றையைக் குவித்தால் புள்ளி வட்டமாகவே வராது, ஆட்டத் திசையில் சற்று நீண்டுவிடும் என்பதும் அதில் இருந்தது. பிரெனல் அடைத்த கதவு காகிதத்தில் திறந்தது. கையில் பிடித்துப் பார்க்க இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று.

இடையில் பெங்களூருக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

சர் சி. வி. ராமன் 1948இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் அவருடைய மருமகன் முறையான இளைஞர் ஒருவர் படிகங்களோடு உட்கார்ந்திருந்தார். சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம், 1934இல் பிறந்தவர். கையில் ஐயோலைட் என்ற கல். ஒரு பக்கமாகப் பார்த்தால் ஊதா நீலம், திருப்பிப் பார்த்தால் வெளிறிய மஞ்சள். ஒளியின் ஆட்டத் திசையைப் பொறுத்து அதை விழுங்கும் அளவு மாறுவதால் வரும் நிற மாற்றம் அது. இத்தகைய படிகத்துக்குள் ஒளி படும் பாட்டைக் கணக்கிட அவருக்குக் கருவியாக அமைந்தது ஒரு பழைய உருண்டை. 1892இல் பிரெஞ்சுக் கணித மேதை பாயின்கரே வரைந்தது. தளவிளைவின் எல்லா வகைகளையும் பூமி உருண்டையில் ஊர்களைப் போலக் குறித்துவிடலாம். வட துருவத்தில் இடச்சுழல், தென் துருவத்தில் வலச்சுழல், நிலநடுக்கோட்டில் நேர்கோட்டு ஆட்டங்கள் எல்லாம். நடுவே நீள்வட்டங்கள்.

அந்த உருண்டையில் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு, வேறு இரண்டு ஊர்களைத் தொட்டு, புறப்பட்ட ஊருக்கே ஒளி திரும்பி வந்தால் என்ன ஆகும்? பழைய ஆட்டம் பழையபடியே இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். பஞ்சரத்தினம் 1956இல், 22 வயதில், இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியிட்ட கட்டுரையில் வேறு விடை சொன்னார். ஆட்டத்தின் வடிவம் பழையதுதான். ஆனால் அலையின் அடி, அதாவது ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம், தள்ளிப்போயிருக்கும். எவ்வளவு? உருண்டையில் அந்தப் பாதை வளைத்துப் பிடித்த பரப்பு மையத்தில் தாங்கும் கோணத்தில் சரிபாதி.

தேர் ரத வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்து நிற்கிறது. நின்ற இடம் அதேதான். ஆனால் புறப்படும் முன் சக்கரத்தின் உச்சியில் போட்ட சுண்ணாம்புக் குறி இப்போது எங்கோ பக்கவாட்டில் இருக்கும். ஏறக்குறைய அந்த மாதிரி. உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது. தேர்ச் சக்கரத்தின் குறி நகர்வது வீதியின் நீளத்தைப் பொறுத்தது. பஞ்சரத்தினத்தின் தள்ளல் வீதிகள் வளைத்த இடத்தின் பரப்பைப் பொறுத்தது. விஷயத்தின் விசேஷமே அதுதான். கண்ணாடியின் தடிமனைக் கூட்டிக் குறைக்காமலே, தளவிளைவைச் சுற்றிவரச் செய்தே அலையின் அடியை இடத்துக்கு இடம் மாற்றிவிடலாம்.

அன்றைக்கு இதை உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. உள்ளூர் இதழில் போட்டதால்தான் கவனிக்கவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது பாதிக் காரணம்தான். லேசரே அப்போது பிறந்திருக்கவில்லை, அது வந்தது 1960இல். கடையே திறக்காத தெருவில் சரக்கைக் கொண்டுபோய் இறக்கிய கதை. பஞ்சரத்தினம் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1969இல் அங்கேயே இறந்தார். வயது 35.

1984இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கவியலில் இதே சாயல் கொண்ட தள்ளல் ஒன்றைக் கண்டுபிடித்தார். இது எங்களிடம் முன்பே இருக்கிறதே என்று 1986இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதியவர்கள் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும். பெர்ரி பஞ்சரத்தினத்தின் கட்டுரையைத் தேடிப் படித்தார். மறுஆண்டே பஞ்சரத்தினத்தின் வேலையைத் தன் வேலையோடு இணைத்து எழுதினார். முன்னவருக்குரிய இடத்தை முன்னவருக்கே கொடுத்தார். இன்று ஒளியியல் நூல்களில் இரண்டு பெயரும் சேர்ந்தே நிற்கின்றன, பஞ்சரத்தினம் பெயர் முன்னால்.

இனி மூன்றாவது இழைக்குத் திரும்பலாம். அது வெளிப்பட ஆரக்கால் கற்றை வேண்டும். லேசரிலிருந்து வருவதோ ஒரே திசையில் ஆடும் கற்றை. இதை அதுவாக மாற்றுவது எப்படி? அரை அலைத் தகடு என்று ஒரு மெல்லிய படிகத் தகடு உண்டு. தன் அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதன் இரு மடங்கு கோணத்துக்கு அது ஆட்டத்தைத் திருப்பிவிடும். இப்படிப் பல தகடுகளை அச்சு சற்றுச் சற்று மாறும்படி வெட்டி, கேக் துண்டுகளைப் போல ஒன்றாக ஒட்டினால், உள்ளே ஒரே திசையாகப் போன ஒளி துண்டுக்கு ஒரு திசையாக வெளியே வரும். ஒட்டு வேலைதான். இடைவெளிகளில் ஒளி சிதறும். பிறகு ஒட்டே இல்லாத தகடுகள் வந்தன. இஸ்ரேலில் எரெஸ் ஹாஸ்மனின் குழு அலைநீளத்தைவிடச் சிறிய வரிப்பள்ளங்களைச் செதுக்கி, வரியின் திசையை இடத்துக்கு இடம் திருப்பியது. 2006இல் இத்தாலியின் நேபிள்ஸில் லொரென்சோ மர்ருச்சியின் குழு திரவப் படிகத்தின் மூலக்கூறுகளைச் சுழி சுழியாக நிற்கவைத்துக் காட்டியது. இவ்வகைத் தகடுகளுக்குப் பொதுப்பெயர் பஞ்சரத்தினம்–பெர்ரி ஒளியியல் உறுப்புகள். பெங்களூரில் கணக்காக இருந்தது கையில் பிடிக்கும் பொருளாகிவிட்டது. இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் கணினித் திரை போன்ற திரவப் படிகப் பலகைகள் இருக்கின்றன. எந்தப் புள்ளியில் எந்தத் திசை வேண்டும் என்று விசைப்பலகையில் தட்டினால் கற்றையின் நெசவு மாறிவிடும்.

2000இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் யங்வொர்த்தும் பிரவுனும் ஆரக்கால் கற்றை குவியும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு நீளவாக்கு ஆட்டத்தைத் தனித்தனி மூலக்கூறுகளைக் கொண்டு பிடித்தார்கள். படுத்துக்கிடக்கும் மூலக்கூறைக் குறுக்கு ஆட்டம் ஒளிரச் செய்யும். நட்டு நிற்கும் மூலக்கூறு ஒளிர நீளவாக்கு ஆட்டம் வேண்டும். நட்டு நின்ற மூலக்கூறுகள் குவியத்தின் நடுவில் மினுக்கின. 2003இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் டோர்ன், குவாபிஸ், லாய்க்ஸ் மூவரும் 632.8 நானோமீட்டர் சிவப்பு லேசரை 0.9 எண் துளை லென்ஸில், நடுவை மறைத்து ஓரக் கதிர்களை மட்டும் விட்டுக் குவித்தார்கள். புள்ளியின் பரப்பு அலைநீள வர்க்கத்தின் 0.16 மடங்காகச் சுருங்கியது. நேர்கோட்டு ஆட்டத்தில் அது 0.26. லென்ஸை மாற்றவில்லை, ஒளியின் நிறத்தையும் மாற்றவில்லை. நூல் போகும் பக்கத்தை மாற்றியதற்குக் கிடைத்த லாபம் அது.

சிறிய புள்ளி கிடைத்தால் சிறிய எழுத்து எழுதலாம், சிறிய பொருளைப் பார்க்கலாம், பிடிக்கலாம். ஒளியாலேயே துகளைப் பிடித்து நிறுத்தும் ஒளி இடுக்கியில் உலோகத் துகளைப் பிடிப்பது கஷ்டம். உலோகம் ஒளியைச் சிதறடிக்க, சிதறும் ஒளி துகளை முன்னே தள்ளிவிடும். ஆரக்கால் கற்றையின் நடுவில் உள்ள நீளவாக்குப் புலம் அச்சு வழியாக ஆற்றலை எடுத்துச் செல்வதில்லை என்பதால் அந்தத் தள்ளல் குறையும் என்று 2004இல் சிவென் ஜான் கணக்குக் காட்டினார்.

இதே இழை வேண்டாத இடத்தில் வந்து கெடுப்பதும் உண்டு. 2014இல் வேதியியல் நோபல் பெற்ற ஸ்டெஃபான் ஹெல்லின் நுண்ணோக்கி முறையில், ஒரு கற்றை ஒளிரச் செய்த பகுதியின் ஓரங்களை இன்னொரு வடை வடிவக் கற்றை அணைக்க வேண்டும். வடையின் ஓட்டை சுத்தமான இருட்டாக இருந்தால்தான் நடுப்புள்ளி உயிரோடிருக்கும். அந்த இரண்டாம் கற்றைக்குச் சுழலும் தளவிளைவு கொடுப்பார்கள். வடை வடிவம் வர அதன் அலை முகப்பையும் சுழியாகத் திருகியிருப்பார்கள். அந்தச் சுழி எந்தப் பக்கமோ, தளவிளைவும் அந்தப் பக்கமே சுழல வேண்டும். மாறிப்போனால் நீளவாக்கு ஆட்டம் நடுவில் வந்து ஓட்டையை அடைத்துவிடும். தகடு ஒன்றைத் திருப்பிப் போட்டதில் ஒரு நாள் வேலை பாழ். லென்ஸும் லேசரும் சரியாக இருக்க, எங்கே பிழை என்று தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2008இல் சிங்கப்பூரில் ஒரு குழு இந்த இழையை நீட்டிப் பார்த்தது. லென்ஸுக்கு முன்னால் வளையம் வளையமாகப் பிரித்த தகடு ஒன்றை வைத்து, ஒன்றுவிட்டு ஒரு வளையத்தில் அலையை அரை அலைநீளம் தள்ளிவிட வேண்டும். குவியம் புள்ளியாக நிற்காமல் சுமார் நான்கு அலைநீளத்துக்கு, அகலம் 0.43 அலைநீளம் மாறாமல், நேராக நீளும் என்பது அவர்கள் கணக்கு. முழுக்க முழுக்க நீளவாக்கு ஆட்டம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒளி ஊசி. இழைக்கு ஏற்ற பெயர்தான்.

அதற்குப் பிறகு இந்த ஊசிக் கணக்குகள் நம் பக்கமும் வந்தன. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒளியியல் இதழ்களைப் புரட்டினால், இறுகக் குவித்த கற்றைகளைப் பற்றிய கட்டுரைகளின் அடியில் திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இயற்பியல் துறை என்ற முகவரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எத்தனை வளையம், எந்த ஆரம், தளவிளைவை எப்படிக் கலந்தால் ஊசி எவ்வளவு நீளும், எப்போது குமிழாகும், எப்போது சங்கிலியாகும் என்ற கணக்குகள். மூலதனம் ரிச்சர்ட்ஸ்–வுல்ஃப் சமன்பாடும் ஒரு கணினியும். விலை உயர்ந்த ஒளியியல் மேசை இல்லாத கல்லூரி எதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமோ அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. பனியன் ஊரிலிருந்து இந்த வேலை வருவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு, ஒளித்துச் சொல்வானேன்.

ராஜபாளையத்துக்கும் இதில் பங்கிருக்கிறது, வேறு வாசல் வழியாக. இங்கே நூற்பாலைகள் வந்தது 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து. பஞ்சு வாங்குகிறவர்களுக்கு நிரந்தரக் கவலை ஒன்று உண்டு: இழை முற்றியதா, பிஞ்சா? பிஞ்சு இழை சாயம் பிடிக்காது, முடிச்சு முடிச்சாகச் சுருளும். அதைக் கண்டுபிடிக்கும் பழைய வழிகளில் ஒன்று தளவிளைவு நுண்ணோக்கி. ஒரு திசை ஆட்டத்தை மட்டும் உள்ளே விடும் போலராய்டுகள் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அவற்றுக்கு நடுவே பஞ்சு இழையை வைத்து, கூடவே ஒரு வண்ணத் தகட்டையும் செருகிப் பார்ப்பார்கள். செல்லுலோஸ் சுவர் தடித்த முற்றிய இழை மஞ்சளாகத் தெரியும், பிஞ்சு இழை நீலமும் ஊதாவுமாக.

அப்படி ஒரு தடவை பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. வண்ணத் தகட்டை இன்னும் செருகவில்லை. குறைந்த உருப்பெருக்கத்தில் பின்னணி நல்ல இருட்டு. பெரிய உருப்பெருக்க லென்ஸைத் திருப்பிப் போட்டதும் அந்த இருட்டு லேசாக வெளுத்தது. கண்ணாடியில் தூசி என்று நினைத்துத் துடைக்கப் போனேன். "துடைச்சாப் போகாது சார், பெரிய லென்ஸ் போட்டா அப்படித்தான் வெளுக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவர் சொன்னது முழு உண்மை. ஓரத்தில் சாய்ந்து வரும் கதிர்கள் லென்ஸின் வளைந்த பரப்புகளைக் கடக்கும்போது அவற்றின் ஆட்டத் திசை கொஞ்சம் திரும்பிவிடுகிறது. குறுக்குப் போலராய்டு அதை முழுதாக அடைக்க முடியாது. 1950களில் ஷின்யா இனோவே இந்த வெளுப்பைப் போக்கவே தனியாக ஒரு திருத்தும் லென்ஸைச் செய்தார். கோபுரத்தின் சாய்ந்த சுவர், இங்கே உபத்திரவமாக.

பிறகு கண்ணாடித் துண்டு வைத்த பலகையை மெல்லச் சுழற்றி ஒரே ஓர் இழையை நீளவாக்கில் தொடர்ந்தேன். வெளிச்சம், கொஞ்ச தூரத்தில் இருட்டு, மறுபடி வெளிச்சம். பஞ்சு இழையின் சுவருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகள் திருகுசுருளாக ஓடுகின்றன. சில இடங்களில் திருகு இடமிருந்து வலமாக மாறிவிடும்; மறுபடியும் பழைய பக்கத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பங்கள் தளவிளைவு ஒளியில் துலக்கமாகத் தெரியும். அச்சு இடத்துக்கு இடம் திரும்பும் தகட்டைத்தான் நேபிள்ஸில் பாடுபட்டுச் செய்தார்கள். ஒழுங்கில்லாமல், கணக்கில்லாமல், அதன் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று கரிசல் காட்டுச் செடியில் வெடித்துத் தொங்குகிறது.

அடுத்த பஞ்சு மாதிரி காத்திருந்தது. அவர் கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு, நோட்டில் முற்றியது இத்தனை, பிஞ்சு இத்தனை என்று கோடு போட ஆரம்பித்தார்.